வாக்குக்கண் அதிர்ஷ்டமா?

சென்ற மாதம் வாக்குக்கண் பற்றி நான் வானொலியில் பேசியதை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனால் இது எங்கள் வீட்டுக்குள் நடந்த விடயம்.

ஊரில் என் அக்காவுக்குச் சிறு வயதிலேயே இடது கண் மூக்குப் பக்கம் இழுபட்டிருந்தது. அதிர்ஷ்டம் என்றார்கள் பெரியவர்கள். ஒருவரும் வைத்தியரிடம் காட்டவில்லை. பிறகு இடப்பெயர்வு, அகதி வாழ்வு, இலண்டன். ஐம்பத்தெட்டு வயதில் வலது கண்ணில் கண்புரை வந்தபோதுதான், இடது கண்ணால் அவரால் முகங்களைக்கூட அடையாளம் காண முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் ஒரு கண் அப்படித்தான் என்று நினைத்திருந்தாராம்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்ணும் வேறு வேறு திசையைப் பார்த்தால் மூளைக்கு இரண்டு படங்கள் போகும். சிறுபிள்ளையின் மூளை, விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். கண்ணில் ஒரு நோயும் இல்லாமலே அதன் பார்வை வளராமல் நின்றுவிடும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். ஆகவே இது அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் அல்ல.

பிறந்து மூன்று மாதம் வரை கண் இடையிடையே விலகுவது வழமை. அதற்குப் பிறகும் விலகினால் காட்டவேண்டும். மூக்குத்தண்டு அகலமான குழந்தைக்கு வாக்குக்கண் போலத் தோன்றுவதும் உண்டு. அதையும் வைத்தியரே சொல்லட்டும். புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அது கண் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

என் மகளுக்கு மூன்று வயதில் கண் விலகியது. காரணம் தூரப்பார்வை, கண்ணாடி போட்டால் நேராகும் என்றார்கள். "பெண்பிள்ளைக்கு இந்த வயதில் கண்ணாடியா?" என்று நானே நான்கு மாதங்களை வீணாக்கினேன். பிறகு நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மறைக்கச் சொன்னார்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நடுத்தரச் சோம்பல் கண்ணுக்கு, நாளுக்கு 2 மணித்தியாலம் மறைப்பது 6 மணித்தியாலத்துக்கு ஈடான பலன் தந்ததாக 2003இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. அந்த இரண்டு மணித்தியாலமே எங்கள் வீட்டில் பெரும் போர். உரித்து உரித்து எறிவாள். நிறம் தீட்டும் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துதான் சமாளித்தேன். சில பிள்ளைகளுக்கு ஒட்டுவதற்குப் பதிலாக நல்ல கண்ணை மங்கலாக்கும் சொட்டுமருந்து கொடுப்பார்கள். ஏழு வயது தாண்டிவிட்டால் பலன் குறையலாம். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

சத்திரசிகிச்சை என்றால் கண்ணை வெளியே எடுப்பார்கள் என்று ஒரு தாய் என்னிடம் அழுதார். அப்படியல்ல. தசை ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரண்டாம் தடவை தேவைப்படலாம். ஆனால் அது கண்ணை நேராக்குமே தவிர, சோம்பல் கண்ணுக்குப் பார்வை தராது. பெரியவர்களுக்கும் இதைச் செய்கிறார்கள்.

பெரியவர் ஒருவருக்குத் திடீரென ஒன்று இரண்டாகத் தெரிந்தால் கதை வேறு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கண் தசைக்குப் போகும் நரம்பைப் பாதிக்கும். அது சில மாதங்களில் தானாகவே தேறுவதும் உண்டு. ஆனால் பக்கவாதமாகவோ மூளை இரத்தக்குழாய் வீக்கமாகவோ இருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தலையிடியோ இமை தொங்குவதோ சேர்ந்தால் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் நீரிழிவுள்ளவர்களுக்கும் கண் பரிசோதனை இலவசம். வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அக்காவின் கண்புரைச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. வாக்குக்கண் குடும்பத்தில் வரக்கூடியது என்று வைத்தியர் சொன்னார். அடுத்த கிழமையே இரண்டரை வயதுப் பேரனைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அக்காதான்.