பழைய லாரியில் முன் ஸ்பிரிங் பட்டை மாற்றுவது எப்படி?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் தக்காளி, மா, புளி அறுவடைக் காலத்தில் பழைய லாரியின் உதவி இல்லாமல் முடியாது. லாரி வைத்திருக்கும் விவசாயிகள் இன்ஜினையும் டயரையும் பார்க்கிறார்கள். குனிந்து முன் ஸ்பிரிங் பட்டையைப் பார்ப்பவர்கள் குறைவு. சேலத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டி விபத்துகளுக்குப் பேர் போன தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் முன்பட்டை முறிந்தால் வண்டியைத் திருப்ப ஓட்டுநர் கையில் ஸ்டியரிங் இருக்காது.

காரணம் எளிது. சரக்கின் பாரத்தில் பெரும்பங்கு பின்புறப் பட்டைகளின் மேல் விழுகிறது. முன்பட்டைகள் இன்ஜினையும் கேபினையும் தாங்குவதுடன், முன் அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கின்றன. மெயின் பட்டையின் ஒரு முனை ஸ்பிரிங் பின் மூலம் சேஸிஸுடன் நேராக இணைந்திருக்கும். மறுமுனை ஷேக்கிளில் தொங்கும். பாரம் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளுவதால் இந்த ஆட்டம் தேவைப்படுகிறது. நேராக இணைந்த முனையில் வளையமோ பின்னோ விட்டுப்போனால் அச்சு நகர்ந்துவிடும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்றல், பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுத்தல், பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்ற சத்தம், முன் டயர் ஓரம் தேய்தல் ஆகியன அறிகுறிகள். சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இருபுறமும் நாடாவால் அளந்து பார்க்கலாம். இரண்டு அளவும் ஒத்து வராவிட்டால் அச்சு நகர்ந்திருக்கக்கூடும். பட்டை நடுவில் முறிவதற்குப் பெரும்பாலும் யூ போல்ட் தளர்வே காரணம். அது தளர்ந்தால் சென்டர் போல்ட்டின் மேல் முழுச் சுமையும் விழுந்து, அதன் துளையிலிருந்து விரிசல் தொடங்கும்.

முறிந்த மெயின் பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டுவது சிக்கனம் அல்ல, ஆபத்து. ஸ்பிரிங் எஃகின் பலம் அதைப் பதப்படுத்திய விதத்தில் உள்ளது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், ஒட்டுக்கு அருகிலேயே மீண்டும் முறியும். கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவதும் இப்படித்தான். கூடுதலாக ஒரு பட்டை சொருகினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதிர்ச்சி சேஸிஸுக்குப் போகும். கூடையில் உள்ள தக்காளியும் அதை உணரும்.

பட்டை மாற்றும் வேலையைச் சமமான, கெட்டியான தரையில் செய்ய வேண்டும். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, சேஸிஸை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது கூடவே கூடாது. அச்சை வேறொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு யூ போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். பின்னைப் பூட்டியிருக்கும் சிறு போல்ட்டை முதலில் எடுக்காமல் சம்மட்டியால் அடித்தால் ஹேங்கர்தான் உடையும். துரு பிடித்த பின்னுக்கு முந்திய நாளே மண்ணெண்ணெய் விட்டு வைப்பது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும். ஆகவே இருபுறமும் சேர்த்து மாற்றுவதே முறை. பின் தேய்ந்திருந்தால் புஷ்ஷையும் மாற்ற வேண்டும். புதிய புஷ்ஷின் கிரீஸ் துளை, வழிக்கு நேராக அமைய வேண்டும். பின் கையழுத்தத்தில் நுழைய வேண்டும், ஆடக்கூடாது. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு இருந்தால், அதன் தடித்த பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும்போதே சுண்ணாம்பால் குறித்துக்கொள்ள வேண்டும். திருப்பி வைத்தால் ஸ்டியரிங் அலையும். சென்டர் போல்ட்டின் தலை அச்சின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

யூ போல்ட்டும் நட்டும் புதியவையாக இருக்கட்டும். எதிர் எதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். முதல் சில நடைகளுக்குப் பின் மறுபடியும் முறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். முன் சக்கர அலைன்மென்டையும் பார்த்துவிட வேண்டும். எட்டு ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், அதற்கு முன்னதாக இவ்வேலையை வைத்துக்கொள்ளலாம்.

அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை வெண்கல புஷ்ஷுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு அது ஆகாது. பாரம் தாங்கும் பக்கத்தில் பின் புஷ்ஷோடு ஒட்டி நிற்பதால் கிரீஸ் அங்கே ஏறுவதில்லை. சேஸிஸைச் சற்றே தூக்கி, பாரத்தை விடுவித்துவிட்டு அடித்தால் ஓரங்களில் புதுக் கிரீஸ் பிதுங்கி வரும்.