மிதித்ததும் கார் ஏன் பாய்வதில்லை?

“வண்டில பிக்கப்பே இல்ல சார். மிதிச்சா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இழுக்குது.” புதுக் கார் வாங்கியவர்கள் சர்வீஸ் சென்டரில் அடிக்கடி சொல்லும் குறை இது. “இப்ப வர்ற வண்டியெல்லாம் அப்படித்தான் சார்” என்று பதில் வரும். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் அந்த ஒரு வரியோடு ஓட்டுநரைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் அரை நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஒரு பேருந்தும் அதே வேகத்தில் வந்தால், அந்த அரை நொடிக்குள் இடைவெளி 22 மீட்டர் சுருங்கிவிடும். இருவழிச் சாலையில் லாரியை முந்துகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

காலை அழுத்துவதற்கும் கார் பாய்வதற்கும் நடுவே தாமதம் நுழைய நான்கு இடங்கள் உண்டு. பெடலின் அசைவைப் படிக்கும் கணினி, காற்றை உள்ளிழுக்கும் எஞ்சின், விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கியர்பாக்ஸ், பழுதாகிப்போன ஏதாவது ஒரு பாகம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எந்த இடம் என்று தெரியாமல் பணத்தைச் செலவழித்தால் பணம் போகும், தாமதம் அப்படியே இருக்கும்.

கேபிள் போனது, கணினி வந்தது

பழைய மாருதி 800-இல் ஆக்ஸிலேட்டர் பெடலையும் கார்புரேட்டரையும் ஒரு கேபிள் இணைத்தது. பெடலை அழுத்தினால் கேபிள் இழுபடும், காற்று போகும் வழியில் உள்ள ‘த்ராட்டில்’ என்ற வட்டத் தகடு திறக்கும். எவ்வளவு திறப்பது என்பதைக் கால் நேரடியாகத் தீர்மானித்தது.

இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. பெடலோடு இருக்கும் சென்சார்கள் அது எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றி, ஈசியூ எனப்படும் எஞ்சின் கணினிக்கு அனுப்புகின்றன. ஈசியூ கணக்குப் போட்டு, த்ராட்டிலில் உள்ள சிறு மோட்டாருக்கு ஆணையிடுகிறது. மோட்டார்தான் தகட்டைத் திறக்கிறது. 1987-இல் வந்த பிஎம்டபிள்யூ 750-இன் 12 சிலிண்டர் எஞ்சினிலேயே இந்த முறை இருந்தது. பிறகு படிப்படியாகச் சிறிய கார்களுக்கும் இறங்கி வந்தது.

இந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. க்ரூஸ் கன்ட்ரோல், சக்கரம் வழுக்கும்போது எஞ்சின் விசையைக் குறைக்கும் பாதுகாப்பு வசதி, ஏ.சி. போட்டதும் எஞ்சின் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகிய எல்லாவற்றுக்கும் ஓட்டுநரின் காலைக் கேட்காமல் த்ராட்டிலை அசைக்க வேண்டியிருக்கிறது. கேபிளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்வது சிரமம்.

பாதுகாப்புக்காகப் பெடலில் ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ சந்தேகப்பட்டு எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்திவிடும். கார் மெதுவாக நகரும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். மெக்கானிக்குகள் இதை ‘லிம்ப் மோடு’ என்பார்கள்.

கம்பியில் மின்சாரம் வந்து சேரத் தாமதமாகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது காரணமே அல்ல. மின்சாரக் கார்களிலும் பெடல் மின்னணுப் பெடல்தான். அவை மிதித்த மாத்திரத்தில் பாய்கின்றன.

கணினி ஏன் நிதானிக்கிறது?

முதல் காரணம் அட்டவணை. நவீன ஈசியூ பெடலை ‘தகட்டை இவ்வளவு திற’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ‘இவ்வளவு விசை வேண்டும்’ என்ற விண்ணப்பமாக எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு விசை என்ற அட்டவணையைத் தயாரிப்பாளர் எழுதிவைத்திருக்கிறார். எரிபொருள் சிக்கனத்தை முன்னிறுத்தும் கார்களில், பெடலின் முதல் பாதி அழுத்தத்துக்குக் குறைந்த விசையே ஒதுக்கப்பட்டிருக்கும். எக்கோ மோடில் இன்னும் குறையும், ஸ்போர்ட் மோடில் கூடும். எஞ்சின் அதேதான், அட்டவணை மட்டுமே மாறுகிறது.

இரண்டாவது காரணம் குலுக்கல். ஆக்ஸிலேட்டரை விட்டு உருளும் காரில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அழுத்தினால் விசையின் திசை மாறும். கியர் பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளி ‘டக்’கென்று மூடும், எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் சாயும், கார் முன்னும் பின்னும் உதறும். இதைத் தவிர்க்க ஈசியூ விசையைச் சட்டென்று ஏற்றாமல் சரிவாக ஏற்றுகிறது.

மூன்றாவது காரணம் புகை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெட்ரோல் காரில் நன்றாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு குலையாமல் இருக்க வேண்டும். த்ராட்டிலைப் படாரென்று திறந்தால் அந்தக் கணக்கு சில கணங்களுக்குத் தவறும். டீசலில் காற்று வந்து சேருமுன் எரிபொருளைப் பீய்ச்சினால் கரும்புகைதான் வரும். காற்றின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் ஈசியூ டீசலைக் கூட்டுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 புகை விதிகள் வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்காக ஏற்க வேண்டிய விலை இது.

எஞ்சினுக்கும் கியருக்கும் தேவைப்படும் நேரம்

இன்றைய சிறிய எஞ்சின்கள் பலவற்றில் டர்போ இருக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, உள்ளே வரும் காற்றை அமுக்கித் தள்ளும். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். எஞ்சின் 1,200 சுற்றில் சோம்பலாக ஓடும்போது புகை குறைவு, டர்போவுக்கு வேகம் இல்லை. மிதித்ததும் முதலில் புகை பெருக வேண்டும், பிறகு டர்போ வேகம் பிடிக்க வேண்டும், அதன்பிறகே முழு விசை கிடைக்கும்.

டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கஷ்டம் மலையில். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் விசையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்த கார் குன்னூர் தாண்டியதும் திணறினால், பழுது என்று பதற வேண்டாம்.

கியர்பாக்ஸின் பங்கும் பெரிது. ஏஎம்டி கியரில் ஒரு இயந்திரக் கை கிளட்சை விடுவித்து, கியரை மாற்றி, மறுபடி இணைக்கிறது. அந்த இடைவேளையில் சக்கரத்துக்கு விசையே போகாது. தனித்தனிக் கியர் படிகள் இல்லாத சிவிடி-யில் முதலில் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் பின்னால் வரும்.

பழுதா, இயல்பா?

வாங்கிய நாள் முதல் கார் இப்படித்தான் என்றால் அது பெரும்பாலும் அமைப்பின் இயல்பு. நன்றாக ஓடிய கார் அண்மையில் மந்தமானால் பழுதைத் தேட வேண்டும்.

முதலில் எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைக் கவனியுங்கள். மிதித்ததும் முள் ஏறுகிறது, மேனுவல் கியர் காரில் வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. முள்ளே ஏறவில்லை என்றால் எஞ்சின் பக்கம் பாருங்கள். தூசி அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார், கார்பன் படிந்த த்ராட்டில், தேய்ந்த ஸ்பார்க் பிளக் ஆகியவை வழக்கமான காரணங்கள். டர்போ காரில் ‘உஸ்’ என்ற சத்தமும் விசைக் குறைவும் சேர்ந்து வந்தால், காற்றுக் குழாய் எங்கோ விரிசல் விட்டிருக்கலாம். நகருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடும் பிஎஸ்-6 டீசலில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் யூகிக்க வேண்டியதில்லை, ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் பார்த்துவிடலாம்.

அதே ஸ்கேனரில் இன்னொரு பயனுள்ள சோதனையும் உண்டு. பெடல் எத்தனை சதவீதம் அழுத்தப்பட்டிருக்கிறது, த்ராட்டில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் ஓட்ட, நீங்கள் திரையைப் பாருங்கள். பெட்ரோல் காரில் பெடல் ஏறிய பிறகும் த்ராட்டில் நிதானித்தால் தாமதம் கணினியில். த்ராட்டில் உடனே திறந்தும் கார் இழுக்கவில்லை என்றால் எஞ்சினிலோ கியரிலோ.

காசு செலவில்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது: கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போட்டிருந்தால் பெடல் கடைசிவரை இறங்காமல் போகலாம், சிக்கிக்கொள்ளவும் கூடும். 2009-10-இல் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாகப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தபோது நாசாவின் பொறியாளர்கள் மின்னணு அமைப்பை ஆராய்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் வெளியான முடிவு, அதில் அப்படியொரு குறையைக் காணவில்லை என்றது. பெடலில் சிக்கிய விரிப்பும், அழுத்தினால் மீளாமல் ஒட்டிக்கொண்ட பெடலும் ஏற்கெனவே கண்டறியப்பட்ட காரணங்கள்.

பெட்டி வாங்கலாமா?

‘த்ராட்டில் கன்ட்ரோலர்’ என்ற பெயரில் ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். அது பெடல் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து, 30 சதவீத அழுத்தத்தை 50 என்று மாற்றிச் சொல்லும். பெடல் துடிப்பாகத் தோன்றும். ஆனால் 100 சதவீதம் 100-தான், எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. டர்போவின் தாமதமும், ஈசியூவின் குலுக்கல் தடுப்பும் அப்படியே இருக்கும். வாங்குமுன் காலி சாலையில் பெடலை வழக்கத்தைவிட ஆழமாக மிதித்துப் பாருங்கள். கார் நன்றாக இழுத்தால், பெட்டி தருவதை உங்கள் காலே தந்துவிட்டது. பெட்டி மாட்டிய காரை நெரிசலிலும் பார்க்கிங்கிலும் மெல்ல நகர்த்துவது கடினமாகவும் ஆகலாம். ஈசியூவின் அட்டவணையையே மாற்றி எழுதும் ரீமேப் நிஜமாகவே விசையைக் கூட்டும். ஆனால் வாரன்டி போகலாம், புகை அளவு ஏறலாம், கிளட்சும் கியரும் தாங்க வேண்டும்.

பழுது இல்லாத காருக்கு நல்ல மருந்து ஓட்டும் முறைதான். முந்த நினைத்தால், வலப்பக்கம் விலகுவதற்கு முன்பே ஒரு கியர் குறையுங்கள். டர்போ எஞ்சினை 2,000 சுற்றை ஒட்டி வைத்திருந்தால் மிதித்ததும் பதில் கிடைக்கும். ஏஎம்டி காரில் மேனுவல் மோடுக்கு மாற்றிக் கியரை நீங்களே இறக்குங்கள். ஸ்போர்ட் மோடு இருந்தால் முந்தும்போது பயன்படுத்துங்கள். புதுக் கார் வாங்குமுன் குடும்பத்தோடு, ஏ.சி. போட்டு, ஒரு மேம்பாலத்தில் மெதுவாக ஏறும்போது மிதித்துப் பாருங்கள். டெஸ்ட் டிரைவில் அந்தச் சில நொடிகள் பிடிக்கவில்லை என்றால் அந்த மாடலை வாங்க வேண்டாம். மைலேஜையும் சன்ரூஃபையும் விசாரிக்கும் நாம், மிதித்தால் எவ்வளவு நேரத்தில் இழுக்கும் என்பதையும் ஷோரூமில் கேட்டுப் பழக வேண்டும். வாங்குகிறவர்கள் தொடர்ந்து கேட்டால்தான் தயாரிப்பாளர்கள் அந்த அட்டவணையை ஓட்டுநரையும் மனதில் வைத்து எழுதுவார்கள்.