ஆற்றின் உரிமையும் தோட்டத்தின் அழகும்

திருக்குர்ஆனில் சுவனச் சோலைகளைப் பற்றி வல்ல இறைவன் கூறும் இடங்களிலெல்லாம், பெரும்பாலும் அவற்றின் கீழே ஓடும் ஆறுகளையும் சேர்த்தே கூறுகின்றான். சோலையையும் நீரையும் பிரிக்க இயலாது. நீர் செல்லும் வழியை மதித்து அமைத்த தோட்டமே நிலைக்கும். இவ்வுண்மையை நம் கண்ணெதிரே காட்டி நிற்கின்றது செம்பரம்பாக்கம் ஏரி.

பூந்தமல்லியை அடுத்துள்ள அந்த ஏரி, 24 அடி ஆழத்துடன் 364 கோடியே 50 இலட்சம் கனஅடி நீரைத் தேக்க வல்லது. சென்னை மக்களின் தாகம் தீர்க்கும் அருட்கொடை அது. அதன் உபரி நீர் குன்றத்தூர் வழியே சென்று அடையாற்றில் கலந்து, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகியவற்றைக் கடந்து கடலை அடைகின்றது. 2015 டிசம்பர் முதல் நாள், பெருமழையால் ஏரி நிரம்பியபோது வினாடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. பிற ஓடைகளின் வெள்ளமும் உடன் சேர்ந்துகொண்டது. ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே வீடுகள் இருந்தன. அந்நாட்களில் பள்ளிவாசல்கள் பல, சாதி சமயம் பாராமல் மக்களுக்குக் கதவு திறந்ததை எவரும் மறந்திருக்க முடியாது.

வெள்ளத்தில் துன்புற்றோரைப் பாவிகள் எனக் கருதிவிடலாகாது. நீரில் மூழ்கி மாண்ட முஸ்லிமை ஷஹீதுகளின் வரிசையில் வைத்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். எனினும் நாம் பெறவேண்டிய படிப்பினை ஒன்று உண்டு.

ஸபா என்னும் அத்தியாயத்தில், எமன் நாட்டில் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் வரலாறு வருகின்றது. வலப்புறமும் இடப்புறமும் இரு சோலைகள், உண்பதற்குக் கனிகள், நன்றி செலுத்துமாறு ஒரு கட்டளை. அவர்கள் புறக்கணித்தார்கள். அணையின் வெள்ளம் வந்தது. சோலைகள் போய், கசப்புக் கனிகளும் சில இலந்தை மரங்களுமே எஞ்சின. நன்றி என்பது நாவோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் அருட்கொடையை அதற்குரிய முறையில் பேணுவதும் நன்றியே.

ஆற்றை எவ்வாறு பேணுவது? மார்க்கச் சட்ட நூல்களில் ‘ஹரீம்’ என்றொரு சொல் உண்டு. கிணறு, ஊற்று, ஆறு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதன் முழுப் பயன் கிடைப்பதற்காகச் சுற்றிலும் விட்டுவைக்க வேண்டிய நிலமே ஹரீம். ஆற்றைத் தூர்வாரும்போது சேற்றைக் கொட்டுவதற்கான இடமும் அதில் அடங்கும். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் ஷம்சுத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்கள், ‘நிஹாயத்துல் முஹ்தாஜ்’ என்னும் நூலில், அந்நிலத்தில் கட்டடம் எழுப்புவது கூடாது, அது பள்ளிவாசலேயாயினும் சரியே, கட்டியதை இடித்துவிட வேண்டும் என்று எழுதுகின்றார்கள். நான்கு இமாம்களும் இதில் ஒன்றுபட்டதாகவும் குறிப்பிடுகின்றார்கள். அல்லாஹ்வின் இல்லத்துக்கே இடமில்லாத கரையில், நம் மாளிகைக்கு ஏது இடம்?

“என்னிடம் பட்டா இருக்கின்றதே!” என்பாரும் உளர். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற நபிமொழியை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வேறு போக்கிடமின்றிக் கரையோரம் குடிசையிட்ட ஏழையை நோக்கியதன்று இப்பேச்சு. அவருக்கு மாற்றிடம் தருவது சமுதாயத்தின் கடன்.

அவ்வாறாயின் கரை வீணே கிடக்க வேண்டுமா? அங்கேதான் தோட்டத்துக்கு வேலை இருக்கின்றது. அடையாறு கடலோடு கலக்கும் இடத்தருகே, குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011-ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வெட்டிவிட்ட புல்தரையும் அயல்நாட்டுப் பூச்செடிகளும் கொண்டு அதனை அலங்கரிக்கவில்லை. உப்புநீர் ஏறி இறங்கும் சேற்றில் அலையாத்திச் செடிகளும், மேட்டு நிலத்தில் இக்கடற்கரைக்கே உரிய காட்டு மரங்களும் நடப்பட்டன. நீர் வந்து போக இடம் விடப்பட்டது. பறவைகளும் மீன்களும் திரும்பின. ஆறு எதை விரும்புமோ அதையே நட்டதுதான் அத்தோட்டத்தின் அழகு.

அரபு நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ரியாத் நகரை ஒட்டிய ஹனீஃபா பள்ளத்தாக்கு, கழிவுநீரும் குப்பையும் தேங்கிச் சீரழிந்திருந்தது. நீரைக் கற்களின் மீது தவழவிட்டு, நாணலும் பாலை மரங்களும் வளர்த்து அதனை மீட்டார்கள். அப்பணி 2010-ஆம் ஆண்டு ஆகாகான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. இன்று குடும்பங்கள் அங்கே சென்று இளைப்பாறுகின்றன. செம்பரம்பாக்கம் முதல் கடல் வரை, ஆற்றின் ஹரீமில் நீர்மருதும் புங்கனும் தாழையும் நாணலும் நிற்குமானால், வெள்ளத்துக்கு வழியும் மக்களுக்கு நிழலும் ஒருங்கே கிடைக்கும்.

நம்மால் இயன்றதை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாமல் மழைநீர் இறங்கச் சிறிது மண் விடலாம். பள்ளிவாசலில் ஒளுச் செய்த நீரைச் சாக்கடைக்கு விடாமல் மரங்களுக்குத் திருப்பலாம். மையவாடியில் நம் மண்ணுக்குரிய மரங்களை நடலாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ விலங்கோ பறவையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கையில் ஒரு கன்று இருக்கும்போது இறுதி நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் நட்டுவிடுமாறும் அவர்கள் பணித்தார்கள்.

அடுத்த கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது, அஞ்சி நடுங்காமல் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும் நிலையை வல்ல நாயன் நமக்கும் நம் அண்டை அயலாருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.