கடல்கட்டியும் களவா மீனும்

பின்னலாடைத் தொழிலை நம்பித் திருப்பூரில் குடியேறியவர்களுள் தூத்துக்குடி, இராமநாதபுரம் கரையோரத்தாரும் உண்டாதலால், நூலும் சாயமுமே அன்றாடப் பேச்சாயிருக்கும் இவ்வூரில் மன்னார் வளைகுடாவைப் பற்றி எழுதுவது அயல் விஷயத்தை எழுதுவதாகாது.

அக்கடலில் முத்துக் குளித்தவர்கள், கல்லின் பாரத்தால் அடித்தளத்துக்கு இறங்கி, மூச்சை அடக்கியவாறே சிப்பி பொறுக்கிய காலத்தில், சுறா முதலியவை அவர்களை அணுகாதபடி மந்திரத்தால் தடுப்பதற்கென்றே 'கடல்கட்டி' எனப்பட்ட ஒருவர் இருந்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மந்திரித்தவருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு சென்றதையும், இரவில் அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டதையும் குறிப்பிட்டிருக்கிறார். குளிப்பவரின் நெஞ்சு நடுக்கத்தை அம்மந்திரம் அடக்கியது. மூச்சடக்கித் தொழில் செய்பவனுக்கு அதுவே பெரிய சகாயம்.

1961-க்குப் பின் முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. காற்று உருளையை முதுகில் சுமந்து ஸ்கூபா முறையில் இறங்கும் இக்காலத்தவருக்கோ, வேட்டை மீன்களின் சுபாவத்தை அறிந்த ஞானமே துணை. பவளப் பொந்திலிருந்து தலைநீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை, கடிக்க எத்தனிப்பதாகத் தோன்றினும், உண்மையில் செவுளுக்கு நீரைச் செலுத்திச் சுவாசிக்கிறது. பொந்தில் கைவிடுவதும் ஆகாரம் ஊட்டுவதுமே பெரும்பாலும் அபாயத்தை வரவழைக்கின்றன. கூரிய பற்களையுடைய ஊளி மீன், மினுங்குவதை இரையென மயங்கிப் பாயக்கூடுமாதலால், மோதிரத்தையும் சங்கிலியையும் கரையிலேயே கழற்றி வைப்பது விவேகம். முட்டையைக் காக்கும் பெருங்கிளாத்தி, கூட்டுக்கு நேர் மேலேயுள்ள நீரையும் தன் எல்லையாகவே பாவிப்பதால், அது விரட்டும்போது மேலெழும்பாமல் பக்கவாட்டில் விலகிச் செல்லவேண்டும்.

எல்லாவற்றினும் ஆச்சரியம் களவா. பாறையோடு பாறையாய்ப் பதுங்கி, திடீரென வாயை விரித்து இரையை நீரோடு உறிஞ்சும் அம்மீன், இரை பொந்துக்குள் ஒளிந்துகொண்டால், அஞ்சாலையின் முன்சென்று தலையை ஆட்டி அதனைக் கூட்டு வேட்டைக்கு அழைப்பதைச் செங்கடலில் ஆராய்ந்தவர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். களவா இனங்களில் பல முதலில் பெண்ணாயிருந்து, பருத்த பின்னரே ஆணாக மாறுகின்றன. ஆகவே, பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் ஆண்கள் அருகி, சந்ததி குன்றும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாயிற்று. எனினும், சட்டத்தின் காவலோடு மக்களின் சிரத்தையும் சேர்ந்தாலன்றி எந்த நீரும் பிழைப்பதில்லை என்பதை, சாயக்கழிவால் நொய்யல் ஆறு நாசமாகி, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை சென்றதைக் கண்ட திருப்பூரார் அனுபவத்தில் அறிவார்கள். விடுமுறையில் கடலுக்குப் போகும் நம் இளைஞர்கள், வேட்டை மீனைச் சத்துருவாக எண்ணாமல், அதன் வீட்டுக்கு வந்த விருந்தினராய் நடந்துகொண்டால், நொய்யலில் காலம் கடந்து கற்ற பாடம் மன்னார் வளைகுடாவிலாவது காலத்தில் பயன்படும்.