3,500 கிலோ இழுக்கும் பிக்கப்பில் நாலு பேர் ஏறினால் என்ன ஆகும்? ஒரு எடைக் கணக்கு

பிக்கப் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் ஆகிய மூன்றின் 4x4 டபுள் கேப் மாடல்களுக்கும் அந்த எண் ஒன்றேதான்: இழுவைத் திறன் 3,500 கிலோ.

அங்கே பிக்கப் வாங்கும் பலர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். காரணம், கேரவன். சினிமா ஷூட்டிங்கில் நிற்குமே, அந்த கேரவன் இல்லை. படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே வைத்து, வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகும் சக்கர வீடு. அதில் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுவது அங்கே சாதாரணம்.

அப்படின்னா 3,500 கிலோ கேரவனை வாங்கி மாட்டிவிடலாமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு எண்கள்

ஜிவிஎம்: பிக்கப்பின் அதிகபட்ச மொத்த எடை. வண்டி, ஆட்கள், சாமான், கூடுதலாக மாட்டிய பம்பர் எல்லாம் இதில் சேரும்.

ஏடிஎம்: டிரெய்லரின் அதிகபட்ச மொத்த எடை. பணம் எடுக்கும் ஏடிஎம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜிசிஎம்: பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை. விளம்பரத்தில் இது பெரிய எழுத்தில் வராது.

பால் வெயிட்: டிரெய்லரின் முன்பக்கம், பிக்கப்பின் கொக்கி மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை. பொதுவாக டிரெய்லர் எடையில் 10 சதவீதம் அளவில் இருக்கும். இது பிக்கப்பின் முதுகில் ஏறும் சுமை. அதனால் ஜிவிஎம் கணக்கில் சேரும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

ஆஸ்திரேலிய ஹைலக்ஸ் டபுள் கேப் டீசல் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, ஜிவிஎம் 3,050 கிலோ, ஜிசிஎம் 5,850 கிலோ உள்ள மாடல் என்று வைப்போம். வண்டியின் சொந்த எடை சுமார் 2,100 கிலோ.

டிரெய்லர் இல்லாமல் பார்த்தால், 3,050-ல் 2,100 போக 950 கிலோ ஏற்றலாம். தாராளம்தான்.

இப்போது 3,500 கிலோ கேரவனை மாட்டுகிறோம். பால் வெயிட் 350 கிலோ வந்து உட்காருகிறது. 950 என்பது 600 ஆகிவிட்டது.

அடுத்து ஜிசிஎம். 5,850-ல் கேரவனின் 3,500 போனால் பிக்கப்புக்கு மிச்சம் 2,350 கிலோ. அதில் வண்டியே 2,100. ஆட்கள், சாமான், உபரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 250 கிலோ மட்டும்தான்.

தலைக்கு 70 கிலோ என்று வைத்தால், நாலு பேர் ஏறினாலே 280 கிலோ. ஒரு பெட்டி கூட வைக்காமலே வரம்பு தாண்டிவிட்டது. 3,500 என்ற எண் பொய் இல்லை. ஆனால் குடும்பத்தோடு கிளம்பும்போது அது உங்களுக்கான எண் இல்லை.

இன்ஜின் இழுக்குதே, அப்புறம் என்ன?

ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக் 500 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. இன்ஜின் இழுத்துவிடும். ஆனால் எடை வரம்பு இன்ஜினுக்கு மட்டும் போட்டதில்லை. பிரேக், அச்சு, சேஸிஸ், டயர் எல்லாம் தாங்க வேண்டும். இறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டும்.

பால் வெயிட் அதிகமாக இருக்கிறதே என்று சாமானை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளி வைத்தால் இன்னொரு ஆபத்து. முன்பக்கம் லேசானால் டிரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டமும் கூடும். பிக்கப்பையே அது புரட்டிவிடலாம்.

வரம்பு மீறினால் அபராதம் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம்.

பெரிய வண்டி வாங்கினால் தீருமா?

பாதி தீரும். ஆஸ்திரேலியாவில் விற்கும் ராம் 1500, 70 மில்லிமீட்டர் பால் பொருத்தினால் 4,500 கிலோ வரை இழுக்கும். ஆனால் அதன் முதுகில் ஏற்றக்கூடிய சுமை ஹைலக்ஸை விடக் குறைவு. 4,500 கிலோ டிரெய்லரின் பால் வெயிட்டே 450 கிலோ ஆகிவிடும். அதே கணக்கை இதற்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எப்படித் தேர்வு செய்வது?

கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். ஆட்கள் 280 கிலோ, சாமான் 100, பம்பர் போன்ற உபரி பாகங்கள் 120 என்றால் மொத்தம் 500. ஹைலக்ஸின் எடை 2,600 ஆகிறது. 5,850-ல் அதைக் கழித்தால் 3,250 கிலோ. உங்கள் டிரெய்லரின் உச்சவரம்பு அதுதான். கொஞ்சம் இடைவெளி விட்டு அதற்கும் கீழே தேடுவது நல்லது.

கேரவன் விற்பவர் சொல்லும் எடை காலியாக இருக்கும்போது உள்ளதா என்று கேளுங்கள். 80 லிட்டர் தண்ணீர் டேங்க் இரண்டு நிரம்பினாலே 160 கிலோ கூடும்.

டிரெய்லரின் பிரேக்கையும் பாருங்கள். அங்கே 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு?

ஹைலக்ஸும் டி-மேக்ஸ் வி-க்ராஸும் இங்கேயும் விற்கின்றன. ஆனால் வெளிநாட்டு யூடியூப் ரிவ்யூவில் சொல்லும் எண்ணை நம்பிக் கொக்கி போடாதீர்கள். இங்கே விற்கும் மாடலின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரில் தெரிய வேண்டும்.

எந்த ஊராக இருந்தாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். ஆட்களையும் சாமானையும் ஏற்றி, டேங்கை நிரப்பி, டிரெய்லரையும் மாட்டி ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். அந்த ரசீதில் வரும் எண்ணை ஜிசிஎம்மோடு ஒப்பிட்ட பிறகு நீண்ட பயணத்துக்குக் கிளம்புங்கள்.