சீட்டுக்கு அடியில் நாலு போல்ட்

அம்பாசிடரின் முன்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து திருச்செந்தூருக்குப் போய்வந்த தலைமுறை தூத்துக்குடி மில்லர்புரத்தில் இன்னும் இருக்கிறது. முன்னால் ஒரே நீள பெஞ்சு சீட், கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பெல்ட் என்ற பேச்சே கிடையாது. வளைவில் வண்டி திரும்பினால் ஓரத்தில் இருப்பவர் நடுவில் இருப்பவர் மேல் சாய்வார். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அந்த அம்பாசிடர், ஃபியட் வகை வண்டிகளில்தான் ஒரு காலத்தில் ராலியும் ஓட்டினார்கள் என்றால் இன்றைக்குக் கல்லூரி போகிற பையன் நம்புவதில்லை.

சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுதளமே அவர்களுக்குப் பந்தயத் திடல். ஊர் விட்டு ஊர் ஓடும் ராலிக்கு அம்பாசிடர், ஃபியட், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை வந்தன. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற கோவை ஜி.ஆர்.கார்த்திகேயன் அந்தத் தலைமுறை ஆள். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அவருடைய மகன்.

அன்றைய ராலியில் வேகத்தைவிட நேரக் கணக்குக்கே மதிப்பு அதிகம். குறித்த இடத்துக்குக் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டியிருந்ததால் சீட் என்றால் முதுகு வலிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அது எதில் பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டிய தேவை பலருக்கு வரவில்லை.

1983-இல் மாருதி 800, 1985-இல் ஜிப்சி, 1994-இல் எஸ்டீம் என்று அடுத்தடுத்து வந்த வண்டிகள் கதையை மாற்றின. எடை குறைந்தது, வேகம் கூடியது. ராலியும் நேரக் கணக்கிலிருந்து ஸ்பெஷல் ஸ்டேஜுக்கு, அதாவது பொதுப் போக்குவரத்தை அடைத்துவிட்டு மண் பாதையில் முழு வேகத்தில் ஓட்டும் முறைக்கு நகர்ந்தது. கம்பெனி சீட்டில் ஓட்டுநரின் இடுப்பு நிற்கவில்லை. தோளையும் தொடையையும் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட் உள்ளே வந்தது. ஆனால் சீட்டை விற்றவர்கள் அதைப் பூட்டும் அறிவைக் கூடவே விற்கவில்லை.

பூட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ ஆள் ஒருவர் ஓட்டும் வண்டி மரத்தில் மோதி, அந்த நொடியில் அவர் உடம்பில் எடையைப் போல் 30 மடங்கு விசை இறங்குகிறது என்று வையுங்கள். இரண்டே கால் டன். நேருக்கு நேர் மோதினால் அதில் பெரும் பங்கைப் பெல்ட் வாங்கும். பக்கவாட்டிலோ பின்னாலோ அடி விழுந்தால் வாங்குவது சீட். அதை அப்படியே பிராக்கெட்டுக்குக் கொடுக்கும், பிராக்கெட் போல்ட்டுக்கு, போல்ட் தரைத் தகட்டுக்கு. காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வருவது அரிது. அதில் ஓட்டை போட்டு, சின்ன வாஷர் வைத்து முடுக்கிய போல்ட், ஈர அட்டையில் குத்திய ஆணி மாதிரி தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். போல்ட் நல்ல போல்ட்தான், சீட்டும் லட்ச ரூபாய் சீட்டாக இருக்கலாம். விட்டுக்கொடுப்பது நடுவில் இருக்கும் தகடு.

அதனால்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி, சீட்டைவிட அதன் அடிப்பகுதியைப் பற்றி அதிகம் பேசுகிறது. கம்பெனி கொடுத்த பூட்டுமுறையை மாற்றினால், சீட்டிலிருந்து பிராக்கெட்டுக்கு நாலு இடம், பிராக்கெட்டிலிருந்து பாடிக்கு நாலு இடம் என்று குறைந்தது நாலு நாலு போல்ட் வேண்டும். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பிராக்கெட் இரும்பென்றால் 3 மில்லிமீட்டர் கனம், அலுமினியக் கலவையென்றால் 5. தரைக்குக் கீழே வாஷர் போதாது, எதிர்த்தகடு வேண்டும். அந்தத் தகடு ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில் படிய வேண்டும். விசையைப் பரப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

போல்ட்டின் தலையில் இருக்கும் எண்ணையும் படிக்க வேண்டும். 8.8 என்று பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட் அறுவதற்குச் சுமார் 3 டன் இழுவை வேண்டும். 4.6 தரத்துச் சாதா போல்ட் அதில் பாதியில் அறுந்துவிடும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில்தான் கிடக்கின்றன. வாங்கும்போது சில ரூபாய்தான் வித்தியாசம்.

2005 செப்டம்பர் 18 அன்று பிரிட்டனின் வேல்ஸ் ராலியில் எஸ்தோனியாவின் மார்கோ மார்ட்டின் ஓட்டிய பெஷோ 307 கார் மரத்தில் மோதியது. அடி விழுந்தது கோ-டிரைவர் பக்கம். ஓட்டியவர் காயமின்றி வெளியே வந்தார், பக்கத்தில் இருந்த மைக்கேல் பார்க் உயிரிழந்தார். ராலியில் வண்டி பக்கவாட்டில் சறுக்கித்தான் அதிகம் மோதும் என்பது தெரிந்த சங்கதி. அந்த விபத்துக்குப் பிறகு பக்கவாட்டுப் பாதுகாப்பில் அக்கறை கூடியது. கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே விசையை உறிஞ்சும் நுரை அடைப்பு வந்தது. 8862-2009 என்ற புதிய சீட் தரம் வந்தது. தலையின் இரு பக்கமும் காது போல நீண்டிருக்கும் தாங்கிகளை உயர்மட்ட ராலி கார்களில் பார்க்கலாம். பழைய 8855-1999 தரத்துச் சீட்டுக்குத் தயாரான நாளிலிருந்து ஆயுள் ஐந்து வருடம், புதியதற்குப் பத்து. அடிபட்ட காரிலிருந்து கழற்றிய சீட்டு வெளியில் பளபளவென்று இருந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

சீட்டுக்குத் துணை பெல்ட். அதைச் சீட்டிலோ சீட்டின் பிராக்கெட்டிலோ மாட்டக் கூடாது, பாடியிலோ, கூரை அமுங்காமல் தாங்க உள்ளே பூட்டும் குழாய்க் கூடான ரோல் கேஜிலோதான் மாட்ட வேண்டும் என்பது விதி. தோள் பட்டை பின்னோக்கி இறங்கும் சாய்வு 45 பாகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மோதலில் அது தண்டுவடத்தைக் கீழ்நோக்கி நசுக்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி 2003-இல் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமாகிப் பிறகு ராலிக்கும் வந்தது. அது வேலை செய்ய வேண்டுமானால் சீட்டு, பெல்ட், ஹெல்மெட் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இன்று இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதியோடு நடக்கும் ராலிகளில், வண்டி கிளம்புமுன் ஸ்க்ரூட்டினி உண்டு. பரிசோதகர் சீட்டின் லேபிளில் தேதி பார்ப்பார், பிடித்து ஆட்டிப் பார்ப்பார், குனிந்து அடியில் டார்ச் அடிப்பார். அன்று யாரும் எட்டிப் பார்க்காத இடம், இன்று முதலில் பார்க்கும் இடமாகிவிட்டது.

சாலைச் சட்டமும் மாறிவிட்டது. முன்சீட்டுக்கு பெல்ட் வைத்தே கார் விற்க வேண்டும் என்ற விதி 1990களில்தான் வந்தது. வண்டியைக் கம்பெனியின் மூல அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்ட மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். போட்டிக்குப் பொருந்தும் சீட்டு சாலைக்கும் பொருந்தும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. இன்றைய கார்கள் பலவற்றில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெல்ட் கொக்கியும் சீட்டோடு சேர்ந்திருக்கிறது. அந்தச் சீட்டைக் கழற்றி பக்கெட் சீட் போட்டால், அழகு கூடும், ஏர்பேக் போய்விடும். ரோல் கேஜ் இல்லாத வண்டியில் நாலு முனை பெல்ட்டால் நிமிர்ந்தே கட்டிக்கொண்டால், கவிழும்போது அமுங்கி வரும் கூரைக்குத் தலை நேராக நிற்கும்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மன்னார் வளைகுடாக் காற்றும் உப்பளத்துக் காற்றும் தூத்துக்குடி வண்டிகளை அடியிலிருந்து தின்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரின் மேட்டைத் தூக்கி, சீட்டுக் கால் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினால் சில வண்டிகளில் ‘டங்’ என்று கேட்காது, ‘பொத்’ என்று கேட்கும். பெயின்ட்டுக்கு அடியில் தகடு அப்பளமாக உதிரும். பட்டி பூசி மறைத்த டிங்கரிங் வேலை கண்ணை ஏமாற்றும், போல்ட்டை ஏமாற்றாது. அப்படிப்பட்ட தரையில் உலகத் தரத்துச் சீட்டைப் பூட்டியும் பயனில்லை. முதலில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும், பிறகுதான் சீட்டுப் பேச்சு.

அன்று தெரியாமல் உட்கார்ந்தார்கள், வேகமும் குறைவு. இன்று கணக்கு முழுவதும் எழுதி வைத்திருக்கிறது. ராலி ஆசை இருந்தால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகாரமுள்ள கிளப்பில் சேருங்கள், லைசென்ஸ் எடுங்கள், ராலி கார் தயாரித்துப் பழகியவரிடம் வண்டியை விடுங்கள். தினம் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் போய்வரும் காரில் கம்பெனி சீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தக் காருக்கு அதைவிடப் பாதுகாப்பான சீட் கடையில் கிடையாது.