தட்டத் தட்ட உறுதிப்படும் செம்பு

பஞ்சாபில் அமிர்தசரஸுக்கு அருகே ஜண்டியாலா குரு என்றோர் ஊர் உண்டு. அங்கே கன்னார்கள் செம்பையும் பித்தளையையும் தட்டிச் செய்யும் பாத்திரத் தொழிலை 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துக் கொள்கிறது. மேலும் அடித்தால் வெடித்துவிடும். உலையிலிட்டுக் காய்ச்சினால் மீண்டும் இளகிக் கொடுக்கிறது. நம் ஊர்க் கன்னார் தெருக்களிலும் இதே முறைதான். தீயில் இளகுவது வியப்பன்று, அடிபட்டு உறுதிப்படுவானேன்?

உலோகம் படிகங்களால் ஆனது. அவற்றில் அணுக்கள் அடுக்கடுக்காக அணிவகுத்து நிற்கின்றன. ஓர் அடுக்கை மற்றொன்றின்மேல் முழுதும் ஒருசேர நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதை 1926-இல் ரஷ்ய அறிஞர் ஃபிரெங்கல் கணக்கிட்டார். உண்மையான தூய படிகமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசைக்கே வளைந்து கொடுத்தது! 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். படிகத்தின் அணிவகுப்பில் குறை உண்டு. ஓர் அடுக்கு பாதி வழியிலேயே நின்றுவிட்டிருக்கும். இதனை வரிசைப் பிறழ்வு என்போம்.

பழைய சரக்கு வண்டியை நினைத்துப் பாருங்கள். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகள் தளர்ந்திருப்பதால், எஞ்சின் அவற்றை ஒவ்வொன்றாகவே அசைக்கிறது; எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கிளப்ப நேர்ந்தால் திணறிப் போகும். அதுபோலப் பிறழ்வு நகர்கையில் அணுக்கள் வரிசை வரிசையாகவே இடம் மாறுகின்றன. ஆகவே, குறைதான் உலோகத்தை மென்மையாக்குகிறது.

அங்ஙனமாயின், குறை மிகுந்தால் மேலும் மென்மையாக வேண்டாமோ? இங்கேதான் சுவை இருக்கிறது. காய்ச்சிய செம்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து லட்சமாக உள்ள பிறழ்வுகள், கடுமையாக அடித்தபின் பல்லாயிரம் கோடியாகப் பெருகுகின்றன. ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிட்டுச் சிடுக்காகி, எதுவும் நகர இயலாமற் போகிறது. உலைத்தீயில் சிடுக்கற்ற புதுப் படிகங்கள் முளைக்கின்றன, செம்பு இளகுகிறது.

வேற்றணுக்களும் இவ்வாறே வழி மறிக்கும். செம்பில் துத்தநாகம் கலந்த பித்தளை தூய செம்பினும் உறுதியாயிருப்பது அதனாலேயே.

இவையெல்லாம் நெடுநாள் ஊகமாகவே இருந்தன. 1956-இல் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே, மெல்லிய அலுமினியத் தகட்டில் பிறழ்வுகள் நகர்வதையே கண்டனர். அதற்குமுன் 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், மயிரினும் மெலிந்த வெள்ளீய இழைகளைச் சோதித்திருந்தனர். பிறழ்வு ஏறக்குறைய இல்லாத அவ்விழைகள், ஃபிரெங்கல் கணக்கிட்ட அளவையொட்டிய உறுதியைக் காட்டின.